சக்கரம் பார்க்கும் சாலை

வீடியோ கேமில் ஓடும் காருக்குத் தார் எது, புல் எது, சேறு எது என்று தானாகத் தெரியாது. திரையில் ஈரச் சரளை பளபளக்கும், புல் காற்றில் அசையும். அதெல்லாம் ஆடுபவரின் கண்ணுக்காக வரைந்தது. சக்கரத்தை உருட்டும் கணக்கு அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. 'இந்த இடம் புல்' என்று யாராவது எங்காவது குறித்து வைத்திருக்க வேண்டும். சக்கரம் அங்கே வந்து சேரும்போது ஸ்கிரிப்ட் அந்தக் குறிப்பைத் தேடிப் படிக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் உழுத வயலிலும் நெடுஞ்சாலையிலும் கார் ஒரே மாதிரிதான் ஓடும்.

கேமுக்குள் ஒவ்வொரு சாலையும் இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று கண்ணுக்கான சாலை: எண்ணற்ற முக்கோணங்கள், அவற்றின்மேல் ஒட்டிய படங்கள், நிழல், வெளிச்சம். மற்றொன்று மோதலுக்கான சாலை. கொலைடர் என்று கேம் செய்பவர்கள் சொல்லும் இந்த வடிவம் திரையில் தெரியாது, முக்கோணங்களும் குறைவு. சக்கரம் நிற்பதும் உருள்வதும் இதன்மேல்தான். பரப்பின் வகையைக் குறித்து வைப்பதும் பெரும்பாலும் இதில்தான். ஓவியர் தார்ச்சாலையின் நடுவே ஒரு சேற்றுத் திட்டை வரைந்துவிட்டு, கொலைடரில் எதையும் மாற்றாமல் விட்டால், அந்தச் சேற்றில் கார் சறுக்கவே சறுக்காது. வாகனக் கேம்களைப் பற்றி ஆடுபவர்கள் சொல்லும் குறைகளில் பல இந்த இரண்டு சாலைகளும் ஒத்துப்போகாத இடத்தில் பிறப்பவை.

பழைய கேம்களில் இந்தப் பிரச்சினை இவ்வளவு சிக்கலாக இல்லை. 1992இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ கார்ட்டில் பந்தயப் பாதை முழுவதும் ஒரு தட்டையான கட்டப் படம். அகலத்தில் 128 கட்டம், நீளத்தில் 128 கட்டம். ஒவ்வொரு கட்டமும் 8 பிக்சல். எந்தக் கட்டம் சாலை, எது புல், எது மணல் என்பது கட்டத்தின் வகையிலேயே அடங்கியிருந்தது. வண்டி நிற்கும் இடத்தைக் கட்ட எண்ணாக மாற்றினால் விடை கிடைத்துவிடும். மேலிருந்து பார்க்கும் இரு பரிமாணக் கேம்களில் இன்றும் இதே வழி செல்லுபடியாகிறது. திரையில் காட்டும் படத்துக்கு அடியில், அதே அளவில் இன்னொரு படத்தை மறைத்து வைப்பார்கள். அதில் சாலைக்கு ஒரு நிறம், புல்லுக்கு ஒரு நிறம். சக்கரத்தின் இடத்தில் உள்ள பிக்சலின் நிறத்தைப் படித்தால் போதும். மலிவான வழி, வேகமான வழி. ஆனால் ஒரு பாலம் வந்தால் இது திணறிவிடும்: பாலத்தின்மேல் ஓடும் காருக்கும் அடியில் ஓடும் காருக்கும் மேலிருந்து பார்த்தால் ஒரே இடம்தான்.

முப்பரிமாணத்துக்கு வந்தபின் பரப்பின் வேறுபாடே ஒரு கேமின் விற்பனைச் சரக்காக மாறியது. 1990களின் நடுவில் ஆர்கேட் கூடங்களில் கூட்டம் சேர்த்த செகா ராலி சாம்பியன்ஷிப் பெயர் வாங்கியது அதனால்தான். தாரிலிருந்து சரளைக்கு இறங்கியதும் டொயோட்டா செலிக்காவின் பின்பக்கம் அலைபாயும்; ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். மற்றப் பந்தயங்களில் சாலைக்கு வெளியே போவது ஒரு தண்டனை. இதில் பாதையே பல பரப்புகளாக இருந்தது.

முப்பரிமாணக் கேம்களில் இன்று பெரும்பாலும் புழங்கும் உத்தி ரேகாஸ்ட். ஒரு புள்ளியிலிருந்து ஒரு திசையில் கற்பனைக் கோடு ஒன்றை விட்டு, அது முதலில் எதில் முட்டுகிறது என்று கேம் என்ஜினைக் கேட்பதற்குப் பெயர் அது. வாகனத்தில் ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் கீழ்நோக்கி ஒரு கோடு போகும். கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பது போன்ற வேலைதான். கயிறு ஆழத்தை மட்டும் சொல்லும், ரேகாஸ்ட் கூடுதலாகச் சில விஷயங்களைக் கொண்டுவரும். முட்டிய இடம், அங்கே தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு தூரம், முட்டியது எந்தப் பொருள் என்ற நான்கும் ஒரே விடையில் வரும். தூரத்தை வைத்து சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று கணக்கிடுவார்கள். பொருளை வைத்துப் பரப்பைக் கண்டுபிடிப்பார்கள். சஸ்பென்ஷனுக்காக எப்படியும் இந்தக் கோட்டை விட்டாக வேண்டியிருப்பதால், பரப்பைப் பற்றிய தகவல் ஏறக்குறையச் செலவில்லாமல் கிடைக்கிறது.

யூனிட்டி என்ஜினில் 'வீல் கொலைடர்' என்ற தயார்நிலைச் சக்கரம் உள்ளுக்குள் செய்வதும் இதையேதான். அதனிடம் தரைத் தொடர்பைக் கேட்டால், தரையைத் தொட்டிருக்கிறதா இல்லையா என்று முதலில் சொல்லும். தொட்டிருந்தால் எதைத் தொடுகிறது, முன்னோக்கி எவ்வளவு சறுக்குகிறது, பக்கவாட்டில் எவ்வளவு என்ற விவரங்களைத் தரும். ராப்லாக்ஸில் இன்னும் எளிது: ரேகாஸ்ட் விடையிலேயே பொருளின் வகை வந்துவிடும். தார், புல், மணல், சேறு என்று அந்தத் தளத்தில் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள்கூட அதில் கார் செய்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோடு எதில் முட்டியது என்று தெரிந்த பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது: அந்தப் பொருளில் வகையை எங்கே எழுதி வைப்பது? இதற்கு ஒவ்வொரு கேமும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. பொருளின் பெயரிலேயே எழுதலாம். தனியாக ஓர் அடையாளச் சீட்டு ஒட்டலாம். உராய்வு முதலான இயற்பியல் பண்புகளைத் தாங்கும் 'பிசிக்கல் மெட்டீரியல்' ஒன்றைப் பொருளோடு இணைக்கலாம். அன்ரியல் என்ஜின் மூன்றாவது வழியில் போகிறது. அதில் ஒரு திட்டத்துக்கு 62 பரப்பு வகைகள்வரை பெயரிட்டுக்கொள்ளலாம். சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதுபவர்கள் அங்கே வழக்கமாகத் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. கோட்டை விடும்போதே 'பிசிக்கல் மெட்டீரியலையும் திருப்பித் தா' என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. சறுக்க வேண்டிய பனியில் கார் தாரில் போவதுபோல் போய்க்கொண்டே இருக்கும்.

பெயரில் எழுதும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு, இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014இல் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்சா. இந்தக் கேமுக்குப் புதிய பந்தயப் பாதை செய்பவர், முப்பரிமாண மாதிரியில் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைக்கும்போதே அதன் பரப்பையும் தீர்மானித்துவிடுகிறார். பெயர் ஓர் எண்ணில் தொடங்கி, உடனே சாலை, புல், மணல், கெர்ப் (பாதையோரத்து மேட்டு விளிம்பு) என்ற பரப்பின் ஆங்கிலச் சொல் வந்தால், சக்கரம் அதன்மேல் உருளலாம் என்று பொருள். எண்ணை மறந்துவிட்டால் அந்தத் துண்டு கண்ணுக்கு மட்டும் இருக்கும். கார் அதைத் துளைத்துக்கொண்டு கீழே விழும். புதிதாகப் பாதை செய்பவர்களில் பலர் முதல் சோதனை ஓட்டத்தில் பார்ப்பது பாதாளத்தைத்தான். பெயரை வைத்து வகையைச் சொல்வது கரடுமுரடான முறையாகத் தோன்றலாம். ஆனால் எந்த மென்பொருளில் மாதிரியைச் செய்தாலும் பெயர் அழியாமல் கூடவே வரும். அந்த ஒரு குணத்துக்காகவே இது நிலைத்துவிட்டது.

அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பதைப் பரப்புகளுக்கான ஒரு சிறிய எழுத்துக் கோப்பு சொல்கிறது. அதைத் திறந்து பார்த்தால், 'சாலையின் வகை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை விஷயங்கள் மடங்கியிருக்கின்றன என்பது விளங்கும். டயர் பிடிப்பை எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஓர் எண். காரைப் பிடித்து இழுக்கும் தடைக்கு ஓர் எண். டயரில் ஒட்டும் அழுக்குக்கு ஓர் எண். எந்த ஒலிக்கோப்பை இயக்குவது என்று ஒரு வரி. கையில் உள்ள ஸ்டியரிங் அதிர வேண்டிய அளவு இன்னொரு வரியில். இவை தவிர, இந்தப் பரப்பு பந்தய விதிப்படி பாதையாகக் கணக்கில் சேருமா என்ற ஆம்–இல்லைக் கேள்வி ஒன்று. வளைவைக் குறுக்கே வெட்டிப் புல்லின்மேல் ஓட்டி நேரம் மிச்சம் பிடிப்பவரைக் கேம் பிடிப்பது இந்தக் கடைசி வரியால்தான். காரின் எந்தப் பகுதியும் பாதையோடு தொடர்பில் இல்லாவிட்டால் பாதையை விட்டு விலகியதாகக் கொள்வது நிஜப் பந்தயத்தின் விதி. நான்கு சக்கரமும் நிற்கும் பரப்பைத் தனித்தனியாக அறிந்த கேமுக்கு அதைச் சரிபார்ப்பது ஒரு கூட்டல் கணக்கு.

சாலைகள் தனித்தனித் துண்டுகளாக இருக்கும்வரை இவையெல்லாம் சரி. திறந்தவெளிக் கேம்களில் மலையும் வயலும் மண்பாதையும் சேர்ந்த நிலப்பரப்பு முழுவதும் ஒரே பொருளாக இருக்கும். எங்கே கோடு விட்டாலும் 'நிலம்' என்ற ஒரே விடைதான் வரும். யூனிட்டியின் டெரைன் அப்படிப்பட்டது. அதன்மேல் புல்லும் மண்ணும் பாறையும் தூரிகையால் பூசப்படுகின்றன. எந்த இடத்தில் எது எவ்வளவு பூசப்பட்டது என்பது தனியாக ஒரு படத்தில் சேமிக்கப்படுகிறது. ஒரு படத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுதன்மை என்று நான்கு சேனல்கள் இருப்பதால், நான்கு பூச்சுகளின் அளவை ஒரே படத்தில் வைக்கலாம். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது: சக்கரம் தொட்ட இடத்திலிருந்து நிலத்தின் மூலையைக் கழித்து, நிலத்தின் அகலத்தால் வகுத்து, படத்தின் கட்ட எண்ணிக்கையால் பெருக்குவது. கிடைக்கும் கட்டத்தில் 'புல் 0.7, மண் 0.3' என்பதுபோல் ஒரு விடை இருக்கும். அதிகமாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் அந்த விகிதத்திலேயே கலந்தும் கொள்ளலாம். கலப்பதே நல்லது, ஏனென்றால் ஓவியரும் ஓரங்களைக் கலந்துதான் பூசியிருப்பார்.

இங்கே அளவு முக்கியம். ஆயிரம் மீட்டர் அகல நிலத்துக்கு 512 கட்டங்கள் என்றால் ஒரு கட்டம் ஏறக்குறைய 2 மீட்டர். 6 மீட்டர் அகலச் சாலைக்கு மூன்றே கட்டம்தான் கிடைக்கும். கார் சாலைக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும்போது ஓரத்துச் சக்கரம் பாதி புல்லில் இருப்பதாக விடை வரும். இதற்காகவே பலர் சாலையைத் தூரிகையால் பூசாமல், நிலத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் தனித் துண்டாக வைத்துவிடுகிறார்கள். இன்னொன்று: இந்தப் பூச்சுப் படத்தை ஒவ்வொரு தடவையும் என்ஜினிடம் கேட்டால், அது ஒவ்வொரு தடவையும் நினைவகத்தில் புதிய பட்டியலை உண்டாக்கித் தரும். நான்கு சக்கரத்துக்கும் நொடிக்கு ஐம்பது தடவை கேட்டால், குப்பை சேர்ந்து கேம் அவ்வப்போது விக்கும். தொடக்கத்தில் ஒருமுறை முழுப் படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

கேமைச் செய்த நிறுவனத்துக்கு வெளியே இருந்துகொண்டு ஸ்கிரிப்ட் எழுதுபவர்களின் நிலை வேறு. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5இன் நகரத்தில் எந்தத் தெரு எந்தப் பரப்பு என்பதை ராக்ஸ்டார் நிறுவனம் ஏற்கெனவே முடிவு செய்து, மோதல் வடிவத்துக்குள் பதித்துவிட்டது. அந்தக் கேமுக்குச் சொந்த சர்வர் நடத்த உதவும் ஃபைவ்எம் தளத்தில் லுவா மொழியில் ஸ்கிரிப்ட் எழுதுபவர் வண்டியையும் சக்கரத்தின் வரிசை எண்ணையும் கொடுத்து, அந்தச் சக்கரம் எதன்மேல் நிற்கிறது என்று ஒரு கட்டளையால் கேட்கலாம். திரும்பி வருவது பெயர் அல்ல, வெறும் எண். எந்த எண் தார், எது மணல், எது ஆழ்ந்த சேறு என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பாலைவனத்தில் ஜீப்புக்குச் சமமாகப் பறப்பதைப் பொறுக்காத சர்வர் நடத்துநர்கள் இந்த எண்ணைப் பார்த்து அவற்றின் வேகத்தைக் குறைப்பது வழக்கம்.

வகை தெரிந்ததும் முதலில் மாற வேண்டியது உராய்வு. காய்ந்த தாரில் டயரின் உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.8, இறுகிய பனியில் 0.2, வழுக்கும் பனிக்கட்டியில் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் முழு பிரேக் போட்டால், தாரில் ஏறக்குறைய 18 மீட்டரில் நிற்கும். பனியில் 71 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் 142 மீட்டர். இந்த மூன்று எண்களைச் சரியாக வைத்தாலே கேம் பாதி நிஜமாகிவிடும்.

மீதிப் பாதி மணலில் இருக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் மணலையும் பனியைப் போலவே நினைத்து, உராய்வை மட்டும் குறைத்துவிடுவார்கள். விளைவு, பந்தயப் பாதையின் ஓரத்து மணற்படுகைக்குள் பாய்ந்த கார் நிற்பதற்குப் பதிலாக வழுக்கிக்கொண்டு சுவர்வரை போய்விடும். மணல் நிஜத்தில் செய்வது நேர்மாறான வேலை: சக்கரத்தை உள்ளே இழுத்து உருள விடாமல் தடுக்கிறது. தாரில் இந்த உருள் தடை காரின் எடையில் நூற்றில் ஒன்று, ஒன்றரை பங்குதான். தளர்ந்த மணலில் அது இருபது முதல் முப்பது பங்குவரை போகும். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த கார் தாரில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்வரை உருண்டு போகும். மணலில் பிரேக்கைத் தொடாமலே ஏறக்குறைய 50 முதல் 70 மீட்டருக்குள் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு பரப்புக்கும் குறைந்தது இரண்டு எண்களாவது வேண்டும்: பிடிப்புக்கு ஒன்று, தடைக்கு ஒன்று.

பிடிப்பு என்பதும் ஒரே எண்ணில் அடங்குவது அல்ல. டயர் சிறிதளவாவது சறுக்கினால்தான் சாலையைத் தள்ளும். தாரில் பத்து முதல் இருபது சதவீதச் சறுக்கலில் பிடிப்பு உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். இந்த வளைகோட்டை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசேய்காவும் அவருடன் உழைத்தவர்களும் 1980களில் ஒரே சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு மேஜிக் ஃபார்முலா என்று பெயர். ரப்பரின் இயல்பிலிருந்து வருவித்தது அல்ல அது. சோதனையில் கிடைத்த வளைகோட்டுக்குப் பொருந்தும்படி அமைத்த சூத்திரம். நான்கு எண்களைக் கொடுத்தால் வளைகோட்டின் தொடக்கச் செங்குத்து, வடிவம், உச்சம், உச்சத்தைச் சுற்றிய வளைவு ஆகியவை தீர்மானமாகிவிடும். கார்ப் பந்தய சிமுலேட்டர்களில் இதுவும் இதன் எளிய வடிவங்களும் பரவலாகப் பயன்படுகின்றன.

யூனிட்டியின் வீல் கொலைடர் இதைவிட எளிய வளைகோட்டை வைத்திருக்கிறது. பரப்பு மாறும்போது அதன் விறைப்பு என்ற ஒரே எண்ணை ஸ்கிரிப்ட் மாற்றினால், முழு வளைகோடும் மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். ஈரத் தாருக்கு அது போதும். சரளைக்குப் போதாது. தளர்ந்த தரையில் உச்சம் மிகவும் தள்ளிப்போகிறது. டயர் அதிகமாகச் சறுக்கும்போதும் பிடிப்பு விழுந்துவிடுவதில்லை. ராலி ஓட்டுநர்கள் காரைப் பக்கவாட்டில் எறிந்து வளைவில் நுழைவது வெறும் வேடிக்கைக்காக அல்ல. சக்கரத்தைப் பூட்டிப் பிரேக் போட்டால், சரளை டயருக்கு முன்னால் குவிந்து முட்டுக்கொடுக்கும்; சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லாத கார் சரளையில் சீக்கிரமே நிற்பதற்குக் காரணம் இந்தக் குவியல்தான். உச்சத்தின் உயரத்தை மட்டுமல்லாமல் அது வரும் இடத்தையும் பரப்புக்கேற்ப மாற்றிய கேம்களில்தான் சரளை சரளையாக உணரப்படும்.

ஏபிஎஸ் என்றதும் ஒரு முரண். நிஜக் காருக்குத் தரையிடம் பெயர் கேட்க வழியில்லை. சக்கரம் சுழலும் வேகத்தை அளந்து, அது எதிர்பார்த்ததைவிடத் திடீரென்று குறைந்தால் 'சறுக்குகிறது' என்று ஊகித்துக்கொள்கிறது. லேண்ட் ரோவர் 2004இல் டிஸ்கவரி 3இல் கொண்டுவந்த டெரைன் ரெஸ்பான்ஸ் என்ற வசதியில்கூட, தரை மணலா பனியா என்பதை ஓட்டுநர்தான் ஒரு குமிழைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. கார் தானே ஊகித்துத் தேர்ந்தெடுப்பது பின்னால் வந்தது. ஆகவே கேமுக்குள் ஏபிஎஸ்ஸை எழுதுபவர் பரப்பின் பெயரைப் படித்து அதை இயக்கினால், அது அளவுக்கு மீறி அறிவாளியான ஏபிஎஸ்ஸாகிவிடும். பெயர் டயருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்; காரின் கணினி சறுக்கலை மட்டுமே பார்க்க வேண்டும். நிஜத்தில் ஏபிஎஸ் செய்யும் தடுமாற்றங்கள் அப்போதுதான் கேமிலும் வரும்.

நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகக் கேட்பது ஏன் என்பது சாலை ஓரத்தில் புரியும். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஈரப் புல்லில், வலப்பக்கம் இரண்டும் தாரில் இருக்கும்போது பிரேக் போட்டால், வலப்பக்கம் பலமாகப் பிடிக்கும், இடப்பக்கம் வழுக்கும். கார் தார்ப் பக்கமாகச் சுழலும். பல ஓட்டுநர்களை மரத்தில் கொண்டுபோய் விட்ட சுழற்சி இது. காரின் நடுவிலிருந்து ஒரே கோடு விட்டு வகையைக் கண்டுபிடிக்கும் கேமில் இது ஒருபோதும் நடக்காது. நான்கையும் கேட்டுவிட்டுச் சராசரி எடுத்தாலும் நடக்காது. கணினிக்கு இது பெரிய பாரமும் அல்ல: இருபது கார்களுக்கு எண்பது கோடு, நொடிக்கு ஐம்பது தடவை என்றால் நான்காயிரம். இன்றைய கணினிக்கு அது பொருட்டே இல்லை.

நொடிக்கு ஐம்பது என்பது யூனிட்டியில் இயற்பியல் கணக்கின் இயல்பான வேகம். அதற்கும் ஒரு விலை உண்டு. மணிக்கு 180 கிலோமீட்டரில் கார் நொடிக்கு 50 மீட்டர் போகிறது. இரண்டு கணக்குகளுக்கு இடையே ஒரு மீட்டர் கடந்துவிடும். அந்த ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிறு கல்லோ, கெர்ப்பின் அலையோ கேமுக்கு இல்லாத பொருள். அசெட்டோ கோர்சா நொடிக்கு 333 தடவை கணக்கிடுவதால் இந்த இடைவெளி 15 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. மேலும் அதில் சின்ன மேடுபள்ளங்களை முக்கோணங்களால் வடிக்க வேண்டியதில்லை. பரப்புக் கோப்பிலேயே அலையின் உயரம், நீளம் என்று இரண்டு எண் கொடுத்துவிட்டால், கேம் ஒரு சைன் அலையாக அதிர்வை உண்டாக்கிக்கொள்ளும். அரை மீட்டர் நீள அலையின்மேல் 180 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு நூறு அதிர்வு. வேகம் குறையக் குறைய அது தானாகக் குறையும். ஜெர்மனியில் உருவாகும் பீம்என்ஜி டிரைவ் நொடிக்கு 2,000 தடவை கணக்கிடுகிறது. அங்கே டயரே பல புள்ளிகளாலான நெகிழும் உடல், ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தரையைத் தொடுகிறது. பரப்புக் கோப்பிலும் நிலை உராய்வு, சறுக்கு உராய்வு என்பவற்றோடு சேற்றின் அடர்த்தி, ஆழம், பாயும் தன்மைவரை எண்கள் இருக்கின்றன.

இயற்பியலுக்கு உடனுக்குடன் மாறுவது நல்லது. ஒலிக்கும் தூசிக்கும் அது கெடுதல். சக்கரம் புல்லுக்கும் தாருக்கும் நடுவிலுள்ள ஓரத்தில் உருளும்போது, விடை ஒரு கணம் புல் என்றும் மறுகணம் தார் என்றும் மாறிமாறி வரும். அதற்கேற்ப ஒலிக்கோப்பும் மாறினால் ஸ்பீக்கரில் படபடவென்று வெட்டு விழும். எனவே புதிய பரப்பின் ஒலியை மெல்ல ஏற்றி, பழையதை மெல்ல இறக்குவார்கள். அல்லது புதிய பரப்பு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது நிலைத்திருந்தால்தான் மாற்றுவார்கள். தூசியை எழுப்ப, பரப்போடு சறுக்கலையும் பார்க்க வேண்டும்: மண் சாலையில் நிற்கும் காருக்குப் பின்னால் புழுதி பறந்தால் சிரிப்புதான் வரும். மழைக்கு 'ஈரத் தார்', 'ஈரப் புல்' என்று தனி வகைகள் உண்டாக்குவதைவிட, வகையை அப்படியே வைத்துக்கொண்டு ஈரத்தை வேறு ஓர் எண்ணாகப் பெருக்குவதே பிற்பாடு வேலையைக் குறைக்கும். இல்லையென்றால் பட்டியல் இரண்டு மடங்காகும், பனிக்காலம் வந்தால் மூன்று மடங்கு.

வழக்கமான பிழைகளில் முதலிடம், கோடு சொந்தக் காரிலேயே முட்டிக்கொள்வது. சக்கர மையத்திலிருந்து புறப்படும் கோடு முதலில் சந்திப்பது மட்கார்டையோ சக்கரத்தின் கொலைடரையோதான். 'கார் இரும்பின்மேல் ஓடுகிறது' என்று விடை வரும். எந்த என்ஜினிலும் சில பொருள்களைக் கோட்டின் கண்ணிலிருந்து விலக்கும் வசதி இருக்கிறது. சொந்த வண்டியின் பாகங்களை அதில் சேர்த்துவிட வேண்டும். அடுத்தது, அந்தரத்தில் இருக்கும் சக்கரம். மேட்டிலிருந்து தாவும் காருக்குக் கீழே எதுவும் இல்லாதபோது பழைய விடையையே பிடித்துக்கொண்டிருந்தால், ஆகாயத்தில் சரளைச் சத்தம் கேட்கும். கோட்டின் தொடக்கம் தரைக்குக் கீழே போய்விட்டாலும் சிக்கல்தான்: வடிவத்தின் பின்பக்கத்தை யூனிட்டி இயல்பாகக் கண்டுகொள்வதில்லை, விடை 'எதுவுமில்லை' என்று வரும். அதனால் கோட்டைச் சற்று மேலிருந்தே தொடங்குவார்கள். மிக மேலிருந்தும் தொடங்கக் கூடாது. சுரங்கப்பாதையின் கூரையில் முட்டிக்கொள்ளும்.

பெயரே எழுதாத துண்டுக்கு என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பேசாமல் தார் என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலோர் வழக்கம். அதைவிட, உருவாக்கும் காலத்தில் மட்டும் அப்படிப்பட்ட இடத்துக்குப் பளிச்சென்று ஓர் இளஞ்சிவப்பு நிறம் காட்டச் செய்வது புத்திசாலித்தனம். ஒவ்வொரு கோட்டையும் பரப்புக்கு ஒரு நிறமாகத் திரையில் வரைந்துகொண்டு, சாலை ஓரங்களில் நடைவேகத்தில் ஒரு சுற்று ஓட்டினால், கண்ணுக்கான சாலையும் மோதலுக்கான சாலையும் விலகும் இடங்கள் அத்தனையும் அகப்பட்டுவிடும். வேகமாக ஓட்டிச் சோதிப்பவர்களுக்கு இவற்றில் பாதிகூடக் கண்ணில் படாது.

இதுவரை சொன்ன எல்லா முறைகளுக்கும் ஒரு பொதுவான அனுமானம் உண்டு: தரை மாறாது. இந்த அனுமானத்தை உடைத்த கேம்களில் குறிப்பிடத்தக்கவை 2014இல் வந்த ஸ்பின்டயர்ஸும், அந்த வழியில் 2020இல் வந்த ஸ்னோரன்னரும். லாரி ஒருமுறை கடந்த சேற்றில் தடம் ஆழமாகப் பதிந்து நிற்கும். அடுத்த லாரி அதே தடத்தில் இறங்கினால் இன்னும் அமிழும். அங்கே 'சேறு' என்ற பெயர் மட்டும் போதாது. நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இப்போது எவ்வளவு ஆழம் தோண்டப்பட்டிருக்கிறது, எவ்வளவு இளகியிருக்கிறது என்ற எண்களை வைத்திருக்க வேண்டும். சக்கரம் அவற்றைப் படிப்பதோடு, தன் எடைக்கும் சுழற்சிக்கும் ஏற்ப மாற்றி எழுதவும் வேண்டும். ஒரே கட்டத்தை இரண்டு சக்கரங்கள் ஒரே கணத்தில் மாற்றினால் எதை ஏற்பது, பல பேர் சேர்ந்து ஆடும்போது ஒருவர் தோண்டிய தடத்தை மற்றவர்களின் கணினிக்கு எப்படி அனுப்புவது, கேமை மூடித் திறந்தால் எத்தனை தடங்களை நினைவில் வைப்பது என்று பரப்பைக் கண்டுபிடிக்கும் சின்ன ஸ்கிரிப்ட்டில் இல்லாத கேள்விகள் அங்கே வரிசையாக வந்து நிற்கின்றன. இப்படிப்பட்ட கேம்களில் வண்டிகள் மெதுவாகவே நகர்வது சேற்றின் இயல்புக்கும் பொருந்துகிறது, இத்தனை எண்களைச் சுமக்கும் கணினிக்கும் தோதாக இருக்கிறது.